ரெஸ்ட்டில் இருக்கும் ரன்னர்

பெசன்ட் நகர்க் கடற்கரையில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஓடுகிறவர்களை ஊரே பார்த்திருக்கிறது. ஓட முடியாமல் வீட்டில் கிடக்கிற ரன்னரைப் பார்த்தவர்கள் அவர் வீட்டார் மட்டும்தான். இது அவர்கள் சார்பில் எழுதப்படுவது.

நம்மவருக்கு வயது நாற்பத்தைந்தை ஒட்டி. ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதால் ஓட ஆரம்பித்தவர். நாளாவட்டத்தில் சர்க்கரை மறந்துபோய் பேஸ் மட்டும் நினைவில் தங்கிவிட்டது. கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம் என்பதை ஆறே காலாக்கப் பார்த்ததில் குதிகால் போயிற்று. பிளான்டர் ஃபேசியைட்டிஸ். பாதத்தின் அடியில் குதிகாலிலிருந்து விரல்களை நோக்கிப் போகும் நார்ப்பட்டையில் கோளாறு. காலையில் படுக்கையை விட்டு இறங்கி வைக்கிற முதல் சில அடிகளில் உயிர் போய் வரும். ஆறு வாரம் ஓடக்கூடாது என்றார் பிசியோ. இவர் காதில் அது மூன்று என்று விழுந்தது.

ஓய்வை இவர் ஒரு போட்டியாகவே எடுத்துக்கொண்டார். ஹாலில் ஃபோம் ரோலர் உருள்கிறது. கதவுக் கைப்பிடியில் தெராபேண்ட் தொங்குகிறது. காலடியில் உருட்டுவதற்காகத் தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக உறைகின்றன. “ஏங்க, ஃப்ரீஸர்ல பட்டாணி வைக்க எடமில்ல. எல்லாம் உங்க கால்தான் இருக்கு” என்கிறார் மனைவி.

ஆனால் ‘ஓய்வு’ என்று யாராவது வாயெடுத்தால் போதும், கேப் மிர்கினை இழுத்து வந்துவிடுவார். அடிபட்டால் ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, காலைத் தூக்கி வைப்பது என்று 1978இல் நான்கு கட்டளைகள் எழுதிய அமெரிக்க டாக்டர் அவர். பல வருடம் கழித்து, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று அவரே கருத்தை மாற்றிக்கொண்டார். இதில் ஓய்வைப் பற்றிய பாதி மட்டும் நம்மவருக்கு மனப்பாடம். ஐஸ் பற்றிய பாதியைப் படிக்கும்போது காலடியில் பாட்டில் உருண்டுகொண்டிருந்ததோ என்னவோ.

சாயங்காலமானால் ஓட்டத்தின் ஆனந்தத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். தலையணைமேல் காலை வைத்து, கூரையைப் பார்த்தபடி: “அந்தக் கடல் காத்து இருக்கே! ஷ்மிட் நினைவிடத்துக்குப் பின்னால சூரியன் எழும்பி வரும் பாருங்க...”

“நீங்க எப்பங்க பாத்தீங்க? வாட்சைத்தானே பாத்துக்கிட்டு ஓடுவீங்க?”

மனைவி சொல்வது நியாயம். ஓடிய காலத்தில் இவர் திரும்பி வந்து சொன்னதெல்லாம் வேறு. புழுக்கம், நாய், நிப்பிளில் உராய்வு, ஜி.பி.எஸ். முந்நூறு மீட்டரை முழுங்கிவிட்டது என்ற புகார். லாங் ரன் முடிந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு இட்லியும் பொங்கலும் சாப்பிட்டுவிட்டுப் பிணமாகத் தூங்கியவர், மகன் கேரம் ஆடக் கூப்பிட்டால் எழுந்ததில்லை. இப்போதோ குதிகால் விழுந்ததும் கவிஞராகிவிட்டார். எனக்கென்னவோ இது பொய் என்று தோன்றவில்லை. ஓடும்போது கண்ணில் பட்டதையெல்லாம் உடம்பு எங்கோ போட்டுவைத்திருக்கிறது. படுத்த பிறகுதான் எடுத்துப் பார்க்க நேரம் கிடைத்திருக்கிறது.

ஆனந்தத்துக்கு விஞ்ஞான ஆதாரமும் வைத்திருக்கிறார். எண்டார்பின் என்பது பழைய கதையாம். ஓட ஓட உடம்பே எண்டோகன்னாபினாய்டு என்ற பொருளைச் சுரக்கிறது, கஞ்சா மூளையில் எங்கே போய் வேலை செய்கிறதோ அதே இடத்தில்தான் இதுவும் வேலை செய்கிறது என்று ஒருநாள் விளக்கினார். அம்மா காதில் ஒரு சொல்தான் விழுந்தது.

“ஏன்டா, பீச்சுக்குப் போறேன் பீச்சுக்குப் போறேன்னு இதுக்குத்தான் போனியா?”

அதற்கப்புறம் மாரத்தான் வீரர் கிப்சோகேயிடம் அடைக்கலம். 2019இல் வியன்னாவில் 42.195 கிலோமீட்டரை 1 மணி 59 நிமிடம் 40 வினாடியில் அவர் ஓடிய வீடியோவைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை படுத்தபடியே பார்க்கிறார். அது அதிகாரப்பூர்வ உலக சாதனையாக ஏற்கப்படவில்லை என்பதில் இவருக்குத்தான் அதிக வருத்தம். நண்பர்கள் ஸ்ட்ராவாவில் போடும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் லைக் போடுகிறார், பல்லைக் கடித்துக்கொண்டு.

கடைசியில் இவருடைய ஓட்டக் குழுவில் இரக்கப்பட்டு, ஜனவரி மாரத்தானில் தண்ணீர் கொடுக்கக் கூப்பிட்டார்கள். முப்பத்தைந்தாவது கிலோமீட்டர். வெயில் ஏறிவிட்டது. கையில் எலக்ட்ரால் தம்ளருடன் நின்று, “சூப்பர் பாஸ்! இதோ வந்துருச்சு, இன்னும் கொஞ்ச தூரம்தான்!” என்று கத்துகிறார். தான் ஓடியபோது இந்தப் பொய்யைச் சொன்னவர்களையெல்லாம் மனதுக்குள் சபித்தவர்தான். மீதி ஏழு கிலோமீட்டருக்கு மேல் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

தொடை பிடித்துக்கொண்டு ஒருவர் நொண்டி நொண்டி வந்து நின்றார். தம்ளரை வாங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்ட பிறகுதான் அது எலக்ட்ரால் என்று அவருக்குத் தெரிந்தது. “ஏன் சார் இதுக்கு வந்தோம்னு இருக்கு” என்றார்.

நம்மவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “குடுத்து வச்சவர் சார் நீங்க” என்றார், உள்ளபடியே பொறாமையோடு.

பதிலுக்குத் திட்டுவதற்கு அந்த மனிதரிடம் மூச்சு இல்லை.