சின்ன டாக்டர்

எங்கள் வடசேரி ஆஸ்பத்திரியில் அப்போது ஒரு டாக்டர், ஒரு நர்ஸ். மிச்ச வேலைக்கெல்லாம் கம்பவுண்டர். நாம் கொண்டுபோகும் குப்பியில் மிக்ஸ்சர் ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று காகிதம் கத்தரித்து ஒட்டுவார், புண் கட்டுவார், டாக்டர் எழுதினது டாக்டருக்கே புரியாவிட்டால் வாசித்துச் சொல்வார்.

சர்க்கரை பார்ப்பதும் அவரே. சோதனைக் குழாயில் நீல நிறப் பெனடிக்ட் கரைசல் 5 மில்லி, மூத்திரம் 8 சொட்டு, ஸ்பிரிட் விளக்கில் ஒரு கொதி. நீலமாகவே நின்றால் பிழைத்தோம். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டால், "பாட்டா, அடைப்பிரதமனை மறந்திரும்" என்பார். டாக்டர் பார்ப்பதெல்லாம் அதற்கப்புறம்.

ஊர் அவரைச் 'சின்ன டாக்டர்' என்றது. எங்கே படித்தார் என்று எவரும் கேட்டதில்லை. கை பிசகினால் உயிர் போகிற வர்ம ஆசானிடமும் யாரும் சான்றிதழ் கேட்டதில்லை.

ஆனால் பெயர் நிற்பது பெரிய டாக்டருக்குத்தான். 1922இலும் 1924இலும் எவரெஸ்ட் ஏறப்போன சோமர்வெல், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் வந்து கத்தி பிடித்ததை இன்றும் சொல்கிறோம். அந்தக் கத்தியைக் கொதிக்க வைத்தவர் யார்?

இப்போது ஆசாரிபள்ளத்தில் 2001 முதல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. பழைய கம்பவுண்டரின் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிப் படிப்பு: லேப், எக்ஸ்ரே, மருந்தகம், ஆபரேஷன் தியேட்டர். அவர் கேள்விப்பட்டிராத டயாலிசிஸ், செவித்திறன் சோதனை வேறு. 2021இல் இதெல்லாம் படித்தவர்களில் மருந்தாளுநர் போக மற்றவர்களுக்கென்றே மத்திய அரசு சட்டம் போட்டு, பத்து வகையாகப் பிரித்து, ஐம்பதுக்கு மேற்பட்ட தொழில்களை அட்டவணையில் சேர்த்தது. பட்டம் வந்தது, பதிவேடும் வரும். 'சின்ன டாக்டர்' என்று கூப்பிடத்தான் ஆளில்லை.

என் தங்கை மகள் படித்தது பெர்ஃபியூஷன். போன மாதம் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைப் பெரியம்மா பிடித்துக்கொண்டாள்.

"பிள்ளே, நீ டாக்டரா, நர்ஸா?"

"ரெண்டும் இல்ல பெரியம்மா. ஆபரேஷன்ல இதயத்த நிறுத்தி வைப்பாங்கல்லா, அப்போ ரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏத்தி உடம்புக்குத் திருப்பி அனுப்புத மெஷின நான் ஓட்டுதேன்."

1953இல் பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் முதன்முதலில் வெற்றிகரமாக ஓட்டிக்காட்டிய இயந்திரத்தின் வழிவந்தது அது. ரத்தம் உறையாமல் ஹெப்பாரின் போதுமா, உடம்புச் சூடு எவ்வளவு, குழாயில் காற்றுக் குமிழி உண்டா என்று கண் எடுக்காமல் நிற்கவேண்டும். இதையெல்லாம் எரிசேரிக்கும் ரசத்துக்கும் இடையில் எப்படி விளக்குவது?

"மெஷினா ஓட்டுத? நர்ஸுக்குப் படிச்சிருந்தா இந்நேரம் லண்டன்ல இருந்திருப்ப. ஒங்க பெரியப்பாக்கு வால்வு மாத்துனாரே ஒரு டாக்டர், என்னா கைராசி! நாலு மணிக்கூர் ஆபரேஷன்."

"அதுல பாதி நேரம் பெரியப்பா இதயம் ஓடியிருக்காது, பெரியம்மா."

"சும்மா கெட பிள்ளே. அந்த டாக்டரு அப்படியெல்லாம் விட்டிருக்க மாட்டாரு."