வாரா அமெரிக்கர்: கால்பந்து ரசிகரின் முதலீட்டாளர் ஆராய்ச்சி பற்றிய ஓர் ஆராய்ச்சி

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

இங்கிலாந்துக் கால்பந்து ரசிகருக்கு ஆட்டம் என்பது வாரத்தில் ஒன்றரை மணி நேரம். எஞ்சிய நேரத்தில் அவர் மேற்கொள்ளும் அறிவுப் பணிகளுள் தலையாயது, தம் கிளப்பை வாங்கப் போகும் அமெரிக்கச் செல்வந்தர் யார் என்று துப்புத் துலக்குவது. இதற்கு மானியம் கிடையாது, நெறியாளர் கிடையாது, பட்டமும் கிடையாது. இருந்தும் துறையில் ஆய்வாளர் பஞ்சம் வந்ததே இல்லை. இத்துணைப் பெரிய துறைக்கு இலக்கணம் இல்லாத குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களம், லிவர்பூல் நகரத்து எவர்ட்டன் கிளப். காலம், 2023 செப்டம்பர் முதல் 2024 டிசம்பர் வரை. இந்தப் பதினைந்து மாதத்தில் அக்கிளப்பின் வாசலுக்கு மூன்று அமெரிக்கத் தரப்பினர் வந்தனர். அவர்களில் ஒரு தரப்பு போய்விட்டுத் திரும்பியும் வந்தது. இவ்வளவு செழிப்பான தரவு எளிதில் வாய்க்காது. தேவையான இடங்களில் பிற கிளப்புகளும் மேற்கோளாக வரும்.

2. களத்தின் முன்கதை

எவர்ட்டனுக்குச் செல்வந்தர் புதியவர் அல்லர். 2016-ல் பர்ஹாத் மொஷிரி வந்தார். வரவேற்பு பலமாகவே இருந்தது. ஆட்டக்காரர்களை வாங்கிக் குவித்தார். தம் கைப்பணமாகச் சுமார் 45 கோடி பவுண்டைக் கிளப்புக்குக் கடனாகவும் தந்தார். விளைவு: மூன்றாண்டு நட்டம் 10.5 கோடி பவுண்டைத் தாண்டக் கூடாது என்ற பிரீமியர் லீக் விதியை மீறியதால், 2023 நவம்பரில் பத்துப் புள்ளிகள் பறிபோயின. மேல்முறையீட்டில் அது ஆறானது; பின்னர் வேறொரு கணக்குக்காக இரண்டு கூடியது. ஆக, பணம் இல்லாததால் அல்ல, பணத்தைச் செலவழித்ததால் வந்த நோய் இது. இந்த நோய்க்கு ரசிகர் மன்றம் ஒருமனதாகப் பரிந்துரைத்த மருந்து, இன்னும் பெரிய பணக்காரர்.

3. அளவை இயல்

நம் தருக்க நூலார் அறிவு பிறக்கும் வழிகளைக் காட்சி, கருதல், உரை என வகுத்தனர். ரசிகர் ஆய்வு இம்மூன்றிலும் வழுவாது நிற்கிறது.

காட்சியாவது, இயக்குநர்கள் அமரும் வரிசையில் முன்பின் அறியாத ஒருவரைக் காண்பது. அவர் அமெரிக்கர் என்பதற்கு அடையாளங்கள் இரண்டு. பல் மிக வெண்மையாக இருக்கும். ஆஃப்சைடு கொடி உயர்ந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ கேட்பார். இவ்விரண்டும் பொருந்திய ஒருவர் உள்ளூர்ப் பல் மருத்துவராகவும் இருக்கலாம் என்பது சிறுபான்மையோர் கொள்கை.

கருதலாவது, ஒன்றைக் கொண்டு கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றைத் தேர்வது. மலையில் புகை கண்டு நெருப்பைத் தேர்வது பழைய எடுத்துக்காட்டு. லிவர்பூலின் ஜான் லெனன் விமான நிலையத்தில் தனி விமானம் கண்டு முதலீட்டாளரைத் தேர்வது புதியது. விமானங்களின் போக்கைக் காட்டும் செயலிகள் வந்தபின் இத்துறை பெருவளர்ச்சி கண்டது. டெக்சாஸிலிருந்து கிளம்பிய விமானம் ஐரோப்பாப் பக்கம் திரும்பினாலே போதும். அதில் வருபவர் விடுமுறைக்கு வருகிறார் என்ற கருத்து உடனே தள்ளுபடியாகும்.

உரையாவது, நம்பத்தக்கவரான ஆப்தர் வாக்கு. ஆப்தர்களின் தரவரிசை பின்வருமாறு: மைதானத்தில் தீனி பரிமாறும் நிறுவனத்தில் வேலை பார்ப்பவரின் மைத்துனர் முதலிடம், முந்தைய இரவு வழக்கறிஞர் ஒருவரை ஏற்றிச் சென்ற டாக்ஸி ஓட்டுநர் அடுத்த இடம், நாளிதழ் மூன்றாமிடம். கிளப்பின் அதிகாரபூர்வ அறிக்கை கடைசி. அறிக்கை விடுபவருக்கு மறைக்க ஏதோ இருக்கிறது. மைத்துனருக்கு மறைக்க எதுவும் இல்லை.

இவற்றோடு இன்மை என்ற அளவையையும் கொள்ள வேண்டும். கிளப் மறுத்தால் பேரம் நடக்கிறது என்று பொருள். மறுக்காவிட்டால் பேரம் முடிந்தது என்று பொருள். செல்வந்தர் விலகினால் விலையைக் குறைக்கிறார் என்று பொருள். இதை நகைப்போர் 2024-ஐ நோக்குக. ஜூனில் எவர்ட்டனை வாங்கத் தனியுரிமையோடு பேச்சு நடத்திய அமெரிக்கச் செல்வந்தர் டான் ஃப்ரீட்கினின் நிறுவனம் ஜூலையில் விலகியது. செப்டம்பரில் திரும்பி வந்து ஒப்பந்தம் போட்டது. டிசம்பரில் கிளப் கைமாறியது. விலகியவர் வருவார் என்று ஜூலையிலேயே சாதித்த ரசிகர்களை அதன்பின் யாராலும் வாதில் வெல்ல முடியவில்லை.

4. வகைப்பாடு

அமெரிக்கர் ஐவகைப்படுவர்.

முதலாமவர், கடன்வழி அமெரிக்கர். 2005-ல் மான்செஸ்டர் யுனைடெட்டைச் சுமார் 79 கோடி பவுண்டு மதிப்பில் வாங்கிய மால்கம் கிளேசர் இவ்வகையின் மூலவர். வாங்கிய பணத்தில் பெரும்பகுதி கடன்; அந்தக் கடனின் பெரும் பாரம் வாங்கப்பட்ட கிளப்பின் தலையிலேயே ஏறியது. அதுவரை கடனில்லாத கிளப், தன்னை ஒருவர் வாங்கியதற்குத் தானே வட்டி கட்டத் தொடங்கியது. வெறுத்துப் போன ஒரு பகுதி ரசிகர்கள் அதே ஆண்டில் எஃப்சி யுனைடெட் என்று தனிக் கிளப்பே தொடங்கினர்.

இரண்டாமவர், வாக்களிக்கும் அமெரிக்கர். 2007-ல் லிவர்பூலை வாங்கிய டாம் ஹிக்ஸ், ஜார்ஜ் ஜில்லெட் இணை இதற்குச் சான்று. அறுபது நாளில் புது மைதானத்துக்கு மண்வெட்டி இறங்கும் என்றார் ஜில்லெட். இறங்கவில்லை. 2010-ல் நீதிமன்றம் வரை போய், 30 கோடி பவுண்டுக்கு இன்னோர் அமெரிக்க நிறுவனத்திடம் கிளப் போய்ச் சேர்ந்தது. ஊருக்குள் எதிர்ப்பக்கம் இருந்த எவர்ட்டன் ரசிகர்கள் அப்போது அடைந்த மகிழ்ச்சி, அமெரிக்கர் வரவேண்டும் என்ற அவர்களது பிற்காலக் கொள்கையோடு சிறிதும் முரண்படாது என்க.

மூன்றாமவர், மௌன அமெரிக்கர். ஆர்சனலின் ஸ்டான் க்ரோன்கி 2007-ல் பங்கு வாங்கத் தொடங்கி, 2018-ல் முழுவதையும் எடுத்துக்கொண்டார். இடைப்பட்ட காலத்தில் அவர் பேசியது மிகக் குறைவு. பேசாதவரை ஆராய்வது கடினம். ஆனால் மேற்கோள் காட்டுவது எளிது.

நான்காமவர், கதைசொல்லும் அமெரிக்கர். வேல்ஸ் நாட்டு ரெக்ஸம் கிளப்பை 2021-ல் வாங்கிய நடிகர் ராப் மெக்கெல்ஹெனி, தம் கூட்டாளியாகக் கனடாவில் பிறந்த ரயன் ரெனால்ட்ஸைச் சேர்த்துக்கொண்டார். விற்றவர்கள் ரசிகர்களே, வாக்கெடுப்பில் 98 விழுக்காட்டுக்கு மேல் சம்மதம். 2023, 2024, 2025 என மூன்று ஆண்டும் அணி மேல்தரத்துக்கு ஏறியது. இதனால் துறைக்கு நேர்ந்த தீங்கு பெரிது. நான்காம் தரத்துக் கிளப்புகளின் ரசிகர்களும் ஹாலிவுட் நடிகர்களின் பூர்விகத்தைத் தோண்ட ஆரம்பித்தனர்.

ஐந்தாமவர், வாரா அமெரிக்கர். இவரே தலையாயவர். மயாமியிலிருந்து வந்த 777 பார்ட்னர்ஸ் 2023 செப்டம்பரில் மொஷிரியின் பங்கை வாங்க ஒப்பந்தம் போட்டது. சுமார் 20 கோடி பவுண்டைக் கிளப்புக்குக் கடனாகவும் கொடுத்தது. கெடு முடிந்து, 2024 ஜூனில் ஒப்பந்தமே இல்லாது போனது. ஜான் டெக்ஸ்டர் ஆசையோடு வந்தார். ஆனால் ஒரே லீகில் இரண்டு கிளப்புகளை ஆள முடியாது என்பதால், முதலில் கிரிஸ்டல் பேலஸில் இருந்த பங்கை விற்க வேண்டியிருந்தது. அவரும் வாங்கவில்லை. வாராதவர் தவறான பயிற்சியாளரை வைப்பதில்லை, டிக்கெட் விலையை ஏற்றுவதில்லை, ஆட்டக்காரரை விற்பதில்லை. உரிமையாளர்களில் குற்றமற்றவர் இவர் ஒருவரே.

5. கணக்கியல்

ரசிகர் கணக்கு ஒரே வரியில் அடங்கும்: அவரிடம் இத்தனை நூறு கோடி டாலர் இருக்கிறது, ஒரு ஸ்ட்ரைக்கர் விலை இவ்வளவு, ஆகவே இத்தனை ஸ்ட்ரைக்கர்கள். வகுத்தல் சரியாகவே செய்யப்படுகிறது. வகுபடும் எண்ணில்தான் கோளாறு. பணக்காரர் பட்டியலில் காணும் தொகை அவர் பையில் இருப்பதன்று. நிறுவனப் பங்கிலும் நிலத்திலும் கிடப்பது. பையில் இருந்தாலும் முழுவதையும் கொட்ட விதி விடாது. புள்ளி இழந்த எவர்ட்டனைத் தவிர இதற்கு வேறு சான்று வேண்டா. சில வேளை பணம் அவருடையதே அன்று. 2021-ல் இப்ஸ்விச் டவுனை வாங்கிய முதலீட்டில் பெரும்பங்கு, அரிசோனா மாநிலக் காவலர்கள், தீயணைப்பு வீரர்கள் ஆகியோரின் ஓய்வூதிய நிதியிலிருந்து வந்தது. அடுத்தடுத்து இரு தரம் ஏறி 2024-ல் அக்கிளப் பிரீமியர் லீகுக்கு வந்தது. இப்ஸ்விச் ரசிகர் ஆராய்ந்திருக்க வேண்டியது கோடீஸ்வரரின் விமானத்தை அல்ல, ஃபீனிக்ஸ் நகரத் தீயணைப்பு நிலையங்களை.

6. தடையும் விடையும்

அற்றேல், இவ்வாராய்ச்சியால் பயன் என்னை எனின்: ரசிகரிடம் பங்கு இல்லை, வாக்கும் இல்லை. ஜெர்மனியில் கிளப்பின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்கள் கையிலேயே இருக்க வேண்டும் என்று விதி உண்டு. அங்கே இத்துறை சோம்பிக் கிடக்கிறது. இங்கிலாந்தில் கிளப் கைமாறும்போது ரசிகரை யாரும் கேட்பதில்லை; ஆகவே கேட்காமலே தம் கருத்தைச் சொல்ல அவர் கண்ட வழி இது. நிறுவனப் பதிவகத்து ஆவணங்களையும் 777 கைவைத்த ஜெனோவா, பெர்லின், ரியோ கிளப்புகளின் கதைகளையும் எவர்ட்டன் ரசிகர்கள் படித்த அளவுக்கு, வாங்க வந்தவர்கள் எவர்ட்டனைப் படித்திருப்பார்களா என்பது ஐயமே.

ஆனால் குற்றமும் ஒன்று உண்டு. எவ்வளவு பணம் என்பதை எல்லாரும் ஆராய்கின்றனர். கடனைக் கொடுப்பவர் யார் என்பதைச் சிலரே கேட்கின்றனர். கிளேசருக்கும் மொஷிரிக்கும் இடையிலான வேறுபாடு முழுவதும் அந்த ஒரு கேள்வியில் அடங்கும்.

7. முடிபு

அமெரிக்கர் வந்து சேர்ந்தால் துறை முடிந்துவிடும் என்று அஞ்ச வேண்டா. 2022 நவம்பரில், மான்செஸ்டர் யுனைடெட்டை விற்பது உட்பட எல்லா வழிகளையும் பரிசீலிப்பதாகக் கிளேசர் குடும்பம் அறிவித்தது. பதினேழு ஆண்டுகளாக அமெரிக்கரே போ என்று கொடி பிடித்தவர்கள் அன்றே ஆராய்ச்சிக்குத் திரும்பினர். இம்முறை ஆய்வுப் பொருள் கத்தாரின் ஷேக் ஜாசிம்; விமானம், மைத்துனர், மறுப்பு என அளவைகள் யாவும் அப்படியே பொருந்தின. 2023 அக்டோபரில் அவர் விலகினார். அடுத்த ஆண்டு செல்வந்தர் ஜிம் ராட்கிளிஃப் கால்பங்குக்குச் சற்று மேல் வாங்கினார்; வாக்குரிமையில் பெரும்பான்மை கிளேசர்களிடமே நின்றது. வாரா அமெரிக்கர் என்னும் ஐந்தாம் வகைக்கு அமெரிக்கக் கடவுச்சீட்டு கட்டாயமில்லை என்பது இதனால் பெறப்படும்.