ஏழாம் திணைக்குப் பறை எது? சிங்கப்பூர் அலுவலக ஓசை குறித்து ஓர் ஆராய்ச்சி

தொல்காப்பியர் கருப்பொருளை வகுத்தபோது தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் என்று சொல்லிக்கொண்டே வந்து, அடுத்ததாகப் பறையை வைத்தார். குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, பாலைக்குத் துடி என்று பின்வந்தோர் பங்கிட்டனர். நிலம் ஒன்று இருந்தால் அதற்கென ஒரு சத்தமும் இருந்தே தீரும் என்பது இதனால் பெறப்படும். ஷென்டன் வேயிலும் ராஃபிள்ஸ் பிளேசிலும் கண்ணாடிக் கட்டடங்களுக்குள், சுவரில்லாத ஒரே கூடத்தில், வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கும் மாந்தரின் நிலம் எத்திணை? ஆறாம் திணையைப் பனிநிலத்துக்கென்று புலம்பெயர்ந்த எழுத்தாளர்கள் எடுத்துக்கொண்டுவிட்டபடியால், இதை ஏழாவதாகக் கொள்வோம். அதன் பறையைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அச்சுப்பொறி, ஸ்டேப்ளர், பேண்ட்ரியில் 'டிங்' என்னும் மைக்ரோவேவ் ஆகியவை முதல் சுற்றிலேயே நீக்கப்பட்டன. இவை இடைவிட்டு ஒலிப்பன. திணைக்குரிய கம்பீரம் இல்லாதன.

ஏர்கானை அப்படித் தள்ள முடியாது. பிரதமரானதும் தாம் முதலில் செய்த காரியம் அரசு அலுவலகங்களில் குளிர்சாதனம் பொருத்தியது என்று லீ குவான் இயூ பிற்காலத்தில் சொன்னார். வெக்கையைத் தணிக்கவே அது வந்தது. வந்ததும் சன்னல்கள் மூடின, தெரு வெளியே நின்றது, உள்ளிருப்போர் ஒருவர் குரலை ஒருவர் கேட்கலாயினர். இந்தக் கேட்டுக்குப் பரிகாரத்தையும் ஏர்கானே செய்கிறது: நாள் முழுக்க 'உஸ்' என்று மூச்சுவிட்டுப் பக்கத்து மேசைப் பேச்சைப் பாதி மறைக்கிறது. பல கட்டடங்களில் மாலை 6 மணிக்கு அதை நிறுத்துவார்கள். கணக்குப் பிரிவில் யாருக்குச் சளி, யாருக்கு வீட்டில் சண்டை என்பதெல்லாம் வெளியாவது அதற்குப் பிறகுதான்.

இனி அளவுகள். மனிதவள அமைச்சின் 2011ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி வேலையிட இரைச்சலின் உச்சவரம்பு எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல். சாதாரணப் பேச்சு ஒரு மீட்டர் தொலைவில் 60 டெசிபல் அளவுதான். ஆகவே சட்டப்படி இங்கே யாருக்கும் ஒரு குறையும் இல்லை. இருந்தும் ஹெட்ஃபோன் மாட்டாத தலை அரிது. அதே தலையை மதியம் தேக்கா உணவங்காடியில் பாருங்கள்: ஈரச்சந்தையில் வெட்டுக்கத்தி கட்டையில் விழுகிறது, தே தாரிக் கடைக்காரர் ஆர்டரைக் கத்துகிறார், நாற்காலி கிறீச்சிடுகிறது, சிராங்கூன் ரோட்டில் பேருந்து உறுமுகிறது. தலைக்குரியவரோ பிரியாணியில் லயித்திருக்கிறார். தேக்காவில் எல்லாம் கேட்கும், எதுவும் புரியாது. அலுவலகத்தில் ஒன்றுதான் கேட்கும். அது முழுக்கப் புரியும். திறந்த அலுவலகங்களுக்கான ஐஎஸ்ஓ 3382-3 தரநிலையும் (2012) இதை உணர்ந்தே 'கவனச்சிதறல் தூரம்' என ஓர் அளவை வைத்திருக்கிறது. பேச்சு எவ்வளவு உரக்க வருகிறது என்பதை விட்டு, எத்தனை மீட்டர் தள்ளிப்போனால் சொல் தெளிவிழக்கும் என்று அது கேட்கிறது.

இங்கேதான் சிங்கப்பூர் தனிச்சிறப்புப் பெறுகிறது. ஆட்சிமொழிகள் நான்கு. மாண்டரின் தெரியாத தமிழருக்கு மாண்டரின் உரையாடல் இன்னொரு ஏர்கான். அவர் வேலையைக் கெடுக்க இன்னொரு தமிழர் வேண்டும்.

மறுப்பாளர் எழுவர். அமெரிக்காவில் கோல், வெல்ஷ் என்னும் இருவர் 1976இல், ஜெர்மன் அறியாதவர்களிடம் ஜெர்மன் வாசிப்பை ஒலிக்கவிட்டு, புரியாத பேச்சும் நினைவைக் குலைக்கும் என்று காட்டியதை எடுத்துப்போடுவர். மறுக்கவில்லை. ஆயினும் அங்கே ஒலித்தது ஏதோ ஒரு நூல். கும்பகோணத்துச் சம்பந்தி விவகாரம் அல்ல.

நமக்கு உற்றதுணை 2010இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லாரன் எம்பர்சன் குழுவினர் செய்த ஆய்வு. இருவர் பேசுவதை முழுதாகக் கேட்பவருக்குக் கவனம் அவ்வளவு கெடுவதில்லை. தொலைபேசியின் ஒரு முனையை மட்டும் கேட்பவருக்குத்தான் கெடுகிறது. அடுத்து என்ன வரும் என்று மூளை ஊகித்துக்கொண்டே இருப்பதால் வரும் வினை. களச்சான்று ஒன்று:

"ம்... ம்... சொல்லும்மா... அவரா? அவரே வந்து கேட்டாரா?... ஐயோ, வளையலையுமா?... சரி சரி, நான் ஆபீஸ்ல இருக்கேன், மெதுவாத்தான் பேசுறேன்."

அந்த 'அவர்' மாமனாரா, மாப்பிள்ளையா, வீட்டுக்காரரா? வளையலைக் கேட்டாரா, கொடுத்தாரா? பக்கத்து மேசையில் எக்செல் தாளின் ஒரே கட்டத்தில் கர்சர் சிமிட்டிக்கொண்டு நிற்கிறது. மெதுவாகப் பேசுவது நிலைமையை இன்னும் மோசமாக்கும், காது கூர்மையாகிறது.

எனவே ஏழாம் திணைக்குப் பறை, பாதி கேட்ட தமிழ்ப் பேச்சு என்று முடிவு செய்யப்படுகிறது. திணைக்குடிகளுக்கு ஒரு விண்ணப்பம்: படிக்கட்டுக்குப் போய்ப் பேசுங்கள். கால் வலிக்கிறது என்றால் தயவுசெய்து ஸ்பீக்கரில் போடுங்கள். அம்மா என்ன சொன்னார் என்று தெரிந்துவிட்டால் நாங்கள் பாட்டுக்கு வேலையைப் பார்ப்போம்.