பலம் நாலு

மெர்சிங் படகுத்துறையில் டிக்கெட் வாங்கிவிட்டால் தியோமான் போய்ச் சேர்ந்ததாக நினைப்பவர்கள் வெளியூர்க்காரர்கள். ஆற்று முகத்தில் தண்ணீர் ஏறினால்தான் ஃபெர்ரி கிளம்பும். போன பள்ளி விடுமுறையில் அக்கா மகனை அழைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தேன். பத்தரைக்கு என்றார்கள். பதினொன்றரை ஆகியும் தண்ணீர் மனம் இரங்கவில்லை.

பொழுது போகட்டும் என்று கதை சொன்னேன். சீனத்திலிருந்து சிங்கப்பூருக்குப் பறந்து போன டிராகன் இளவரசி ஒருத்தி, வழியில் இந்தக் கடலின் அழகில் மயங்கி இறங்கி, தீவாகவே கிடந்துவிட்டாளாம், அவள்தான் தியோமான். பையனுக்குப் பதினொரு வயது. "ஓ" என்றான். போனைப் பெஞ்சின் மேல் சாய்த்து வைத்துவிட்டு கெரோப்போக் தின்றுகொண்டிருந்தான். போனுக்குள் அவனுடைய வீரன் ஒருவன், யாரும் தொடாமலே, வரிசையாகக் காளான்களை வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தான்.

"நீ ஆடலையாடா?"

"ஆடிக்கிட்டுத்தானே இருக்கேன், மாமா."

"கை ரெண்டும் கெரோப்போக்ல இருக்கு?"

"ஆட்டோ லா, மாமா."

அது மேப்பிள்ஸ்டோரி எம். 2018-இல் உலகெங்கும் வந்த கைப்பேசிப் பதிப்பு. அதன் தாய் விளையாட்டில்தான் என் இளமையின் கணிசமான பகுதியும், அப்பா சட்டைப் பையிலிருந்து குறைந்துகொண்டே போன சில்லறையும் புதைந்திருக்கின்றன. ஆகவே, "எங்க காலத்துல" என்று தொண்டையைக் கனைத்தேன். பையன் இன்னொரு கெரோப்போக்கை எடுத்தான்.

எங்கள் காலம் என்பது 2006. எனக்கு இரண்டாம் படிவம். கொரியாவில் 2003-இல் தொடங்கிய மேப்பிள்ஸ்டோரி, 2005-இல் மேப்பிள்சீ என்ற பெயரில் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வந்திருந்தது. மெர்சிங் டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் சீசீ, அதாவது சைபர் கஃபே. மணிக்கு 2 வெள்ளி. பள்ளிச் செலவுக்கு எனக்குக் கிடைத்ததோ 1 வெள்ளி 50 காசு. இந்தக் கணக்கு எப்படிச் சரிக்கட்டப்பட்டது என்பதை இன்றுவரை அம்மாவிடம் சொல்லவில்லை. இங்கேயும் சொல்வதாக இல்லை.

முதலில் சர்வரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அக்விலா, பூட்டீஸ், காசியோபியா என்று விண்மீன் கூட்டங்களின் பெயர்கள். அக்விலாவில் இருப்பதுதான் நம் திருவோணம், பூட்டீஸில் இருப்பதுதான் சுவாதி என்பது ரொம்ப நாள் கழித்துத் தெரிந்தது. ஆக, ஏறின முதல் நிமிடமே எந்த நட்சத்திரத்தில் பிறப்பது என்று முடிவு செய்ய வேண்டியிருந்திருக்கிறது. நிஜத்தில் எனக்கு அந்தச் சலுகை தரப்படவில்லை. என் ஜாதகத்தை அம்மா பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் வைத்திருந்தார். அதில் படிப்பு ஸ்தானம் பலமாக இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். பள்ளி ரிப்போர்ட் கார்டு வேறு மாதிரி சொன்னது. அம்மா ஜாதகத்தைத்தான் நம்பினார்.

அடுத்தது முகம், முடி, தோல் நிறம். மாநிறமும் கறுப்பும் அங்கே இருந்தன. சீசீயில் அன்றைக்கு ஆறு தமிழ்ப் பையன்கள் இருந்தோம். ஆறு பேரும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்த உருவங்களாக இறங்கினோம். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. முருகன் என்ற பெயரை யாரோ முன்பே எடுத்துவிட்டார்கள். முருகன்88-ம் போயிருந்தது. 

அப்புறம்தான் பகடை.

இதைப் பையனுக்கு விளக்க நான் பட்ட பாடு! திரையில் ஒரு பகடை இருக்கும். அமுக்கினால் உருளும். பலம், வேகம், அறிவு, அதிர்ஷ்டம் என்ற நாலுக்கும் எண்கள் விழும். நாலையும் கூட்டினால் எப்போதும் 25. எதுவும் 4-க்குக் கீழே போகாது. பிடிக்கவில்லையென்றால் மறுபடி உருட்டலாம், எத்தனை முறை வேண்டுமானாலும். மந்திரவாதி ஆக நினைப்பவனுக்குப் பலமும் வேகமும் வெறும் சுமை. இரண்டும் 4, 4 என்று விழ வேண்டும். அப்போதுதான் மீதிப் புள்ளிகள் அறிவுக்கும் அதிர்ஷ்டத்துக்கும் போய்ச் சேரும். பலத்தில் ஒரு புள்ளி கூடிப்போனாலும் அந்தப் பிறவி வீண் என்பது சீசீ சாஸ்திரம்.

என் பாட்டி தாயம் ஆடுவதைப் பார்த்தவன் நான். தாயம் விழாமல் காய் கட்டத்துக்குள் இறங்காது. மற்றவர்கள் காய்கள் பாதி தூரம் போயிருக்கும். பாட்டியின் காய் இன்னும் வெளியிலேயே கிடக்கும். பாட்டி கட்டையைக் கையில் தேய்த்து, ஊதி, திட்டி உருட்டுவார். நானும் அப்படித்தான் இருந்தேன். நண்பர்கள் உள்ளே போய் நத்தை வேட்டையில் இருந்தார்கள். நான் பிறக்காமலே ஒன்றரை மணி நேரம், அதாவது 3 வெள்ளி, உருட்டிக்கொண்டிருந்தேன். சீசீ முதலாளியான சீனத் தவுக்கே இரண்டு தடவை வந்து "ஜாங்ஙான் கெத்தோக் குவாட்-குவாட்!", ஓங்கித் தட்டாதே என்று மவுஸுக்காகப் பரிந்தார். 

அமெரிக்காவில் 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னஸனும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டைக் கொண்டுவந்தபோது, ஒவ்வொரு குணத்துக்கும் மூன்று பகடைகளை உருட்டிக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று விதி வைத்தார்கள். என்ன விழுகிறதோ அதுதான் நீ. அந்தப் பகடைதான் ஊர் ஊராக உருண்டு மெர்சிங் கடைவீட்டு மாடி வரைக்கும் வந்திருக்கிறது. வருகிற வழியில் ஒரு சலுகையையும் கொடுத்துவிட்டார்கள்: பிடித்த விதி விழும் வரை உருட்டிக்கொண்டே இரு. விதியில் நம்பிக்கையும் வேண்டும், விழுந்த விதியை ஏற்கவும் மாட்டோம். இதற்கு எங்கள் வீட்டில் பரிகாரம் என்று பெயர்.

4, 4 விழுந்தபோது நான் போட்ட சத்தத்தில் தவுக்கே மறுபடியும் வந்தார்.

உள்ளே இறங்கிய பிறகுதான் தெரிந்தது, பலம் 4 உள்ளவனால் நத்தையைக்கூடக் கொல்ல முடியாது என்பது. அடிப்பேன், தவறும். அடிப்பேன், பட்டாலும் அதற்கு வலிக்காது. செத்த நத்தைகளின் ஓட்டைப் பொறுக்கி உயிருள்ள நத்தைகள் மேல் எறிவது ஒரு கலை, அதைக் கற்றேன். மற்றவர்களுக்கு 10-ஆம் லெவலில் தொழில் கிடைக்கும், மந்திரவாதிக்கு மட்டும் 8-லேயே. அந்த எட்டை எட்ட எனக்கு நாலு நாள். பிறகு 150 மெசோ கொடுத்துக் கப்பலேறி, திரும்பி வர முடியாத பயணமாக மேப்பிள் தீவை விட்டுப் போய், எல்லினியாவில் மரத்து உச்சியில் உட்கார்ந்திருக்கும் கிழவரிடம் மந்திரவாதிப் பட்டம் வாங்கினேன்.

அன்றிலிருந்து லெவலுக்கு 5 புள்ளி. சூத்திரம் எல்லாருக்கும் மனப்பாடம்: அதிர்ஷ்டம் என்பது லெவலோடு மூன்று. அது இருந்தால்தான் அங்கியும் தொப்பியும் போட முடியும். ஆக, ஒவ்வொரு முறையும் அதிர்ஷ்டத்துக்கு 1, மிச்சம் 4-ம் அறிவுக்கு. கணித வகுப்பில் வாய் திறக்காதவன், 70-ஆம் லெவல் வரைக்கும் கணக்குப் போட்டு பயிற்சிப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதி வைத்திருந்தேன். தப்பான இடத்தில் ஒரு புள்ளி விழுந்தாலும் அதை எடுத்து மாற்ற நிஜக் காசு கொடுக்க வேண்டும்.

அந்தப் பின்னட்டையை ஒருநாள் அப்பா பார்த்துவிட்டார். அப்பாவுக்கு மீன்பிடித் துறையில் வேலை. ஐஸோடு மீன் பெட்டிகளை லோரியில் ஏற்றுவது. கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்தார். அறை விழும் என்று காத்திருந்தேன்.

"இது யாரு?"

"நான்தான்ப்பா. மந்திரவாதி."

"பலம் நாலா?"

"ஆமா."

"எத்தனைக்கு நாலு?"

"உச்சமே கிடையாதுப்பா. ஏத்திக்கிட்டே போகலாம்."

"ஏத்திக்கிட்டே போகலாம்னா ஏன் நாலு?" புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். "ஒரு மீன் பெட்டி தூக்குவானா இவன்?"

அம்மா எட்டிப் பார்த்தார். அறிவு 200-க்கு மேல் போகும் என்ற திட்டத்தைக் கண்டதும் அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி. அது படிப்பு அட்டவணை என்று நினைத்திருக்கலாம். ஜாதகம் பலித்துவிட்டது என்றும் நினைத்திருக்கலாம்.

யாராக வேண்டுமானாலும் ஆகலாம் என்று ஓர் உலகத்தைத் திறந்துவிட்டார்கள். வாளேந்திய வீரனோ, முகமூடி போட்ட திருடனோ ஆகியிருக்கலாம். மூன்று வெள்ளி செலவழித்து நான் செய்து எடுத்தது, அம்மா கேட்டுக்கொண்டிருந்த அதே பிள்ளையை: வெளுத்த நிறம், முழுக்க அறிவு, கொஞ்சம் அதிர்ஷ்டம், உடல் உழைப்பு சைபர். 30-ஆம் லெவலில் அவனை வைத்தியனாகவும் ஆக்கினேன். டாக்டர் மகன்!

வைத்தியனுக்குத்தான் என்ன மதிப்பு! கெர்னிங் நகரத்தில் 21-லிருந்து 30 லெவல்காரர்கள் நாலு பேர் சேர்ந்து போகும் கூட்டு வேட்டைக்கு ஆள் தேடி நிற்கும்போது என்னைச் சீண்ட ஆளில்லை. வைத்தியன் ஆனதும் சிங்கப்பூர்க்காரன், கோலாலம்பூர்க்காரன் எல்லாம் "ப்ரோ, ஹீல் ப்ளீஸ்" என்று பின்னால் வந்தார்கள். வகுப்பில் கடைசி பெஞ்சு, அங்கே ப்ரோ. நாளுக்கு ஒருவருக்குப் புகழ்ப் புள்ளி ஒன்று தரலாம் என்று ஏற்பாடு உண்டு. எனக்கு அது சேர்ந்துகொண்டே போனது. இன்னொரு வேடிக்கை: செத்துப் பிணமாகத் திரிகிற பேய்களுக்கு அதே வைத்தியத்தைச் செய்தால் அவை சாகும். எல்நாத் சுரங்கத்தில் போய் நின்று, பிணங்களைக் குணப்படுத்தியே கொன்று லெவல் ஏற்றினேன். 

எல்நாத் போக முதலில் எல்லினியாவிலிருந்து ஓர்பிஸுக்குக் கப்பல். நவம்பர் விடுமுறை வந்தால் மெர்சிங்கில் மழைக்காற்று. கடல் கொந்தளித்து ஃபெர்ரிகள் கட்டிக் கிடக்கும், சுற்றுலாக்காரர்கள் வரமாட்டார்கள், டவுனே போர்வைக்குள் முடங்கும். சீசீயின் சன்னலுக்கு வெளியே மழை கொட்ட, நாங்கள் உள்ளே கப்பல் ஏறுவோம். நேரம் தவறாத கப்பல். நடுவானில் சிவப்பு பால்ராக் என்ற பூதம் தாக்க வரும். அதன் ஓர் அடி எங்களுக்குப் போதும். செத்தால் சேர்த்த அனுபவத்தில் ஒரு பங்கு போய்விடும், பல மணி நேர உழைப்பு. ஆகவே வீரர்கள், வில்லாளிகள், மாமந்திரவாதிகள் எல்லாரும் கீழ்த்தட்டு அறைக்கு ஓடி ஒளிந்துகொண்டு, மேலே நடப்பது தெரியாத மாதிரி அரட்டை அடிப்போம்.

62-ஆம் லெவலில் என் வைத்தியன் போனான். சாகவில்லை. நான் மூன்றாம் படிவத் தேர்வுக்கு உட்கார்ந்த மாதம், லெவல் ஏற்றித் தருகிறேன் என்று பாஸ்வேர்டு வாங்கிய நண்பன், அதை யாருக்கோ விற்றுவிட்டான். 40 வெள்ளிக்கு என்று கேள்வி. அறிவில் 200-க்கு மேல் வைத்திருந்தவன் கொடுத்த பாஸ்வேர்டு அது.

அதன் பிறகு நான் போகவில்லை. விளையாட்டும் இருந்த மாதிரி இருக்கவில்லை. 2010-இல் கொரியாவில் 'பிக் பேங்' என்ற பெரிய மாற்றம் வந்து, மற்ற நாடுகளுக்கும் பரவியது. லெவல் ஏறுவது எளிதாயிற்று. பகடையும் ஏதோ ஒரு கட்டத்தில் காணாமல் போயிற்று. எல்லாரும் ஒரே எண்களோடு பிறந்தார்கள். பாட்டி இருந்திருந்தால், தாயம் போடாமலே எல்லாக் காயையும் இறக்கிவிட்டால் அப்புறம் என்ன ஆட்டம் என்று கேட்டிருப்பார்.

"எங்க காலத்துல" உரையை இந்த இடத்தில் முடித்தேன். பையன் விரலை டிஷ்யூவில் துடைத்துக்கொண்டான்.

"பொறக்கவே ஒன்றரை மணி நேரமா, மாமா?"

"ஆமா."

"அதுக்குக் காசு வேற கட்டுனீங்களா?"

"கட்டினேன்."

பரிதாபமாகப் பார்த்தான். "நீங்களும் ஒண்ணு செய்ங்க" என்று போனை நீட்டினான். வாங்கிப் பார்த்தேன். முதல் திரையிலேயே பிஷப் நின்றுகொண்டிருந்தார். பிஷப்! 30-இல் கிளெரிக், 70-இல் பிரீஸ்ட், 120-இல்தான் பிஷப். எங்கள் சீசீயில் ஒருவன்கூடத் தொடாத உயரம். இங்கே பிறக்கும்போதே பெயர்ப் பலகையோடு பிறக்கிறார். பெயரை அடித்துவிட்டு, பழக்கத்தில் மூலை மூலையாகத் தேடினேன்.

"என்ன தேடுறீங்க?"

"பகடை."

"அதெல்லாம் இல்ல, மாமா. ஸ்டார்ட் மட்டும் அமுக்குங்க."

அமுக்கினேன். ஆட்டோவையும் அவனே தட்டிவிட்டான். பிஷப் என்னைக் கேட்காமல் நடந்தார், என்னைக் கேட்காமல் அடித்தார். ஒரு நிமிடத்தில் லெவல் ஏறியது. இரண்டாவது நிமிடத்தில் மறுபடியும். ஏறும்போது வருகிற அந்தச் சத்தம் மட்டும் மாறவில்லை. அது காதில் விழுந்ததும் கை தானாக 4 புள்ளி அறிவுக்கு, 1 அதிர்ஷ்டத்துக்கு என்று திரையில் இடம் தேடியது. வைப்பதற்கு ஓர் இடமும் இல்லை.

தண்ணீர் ஏறிவிட்டதென்று அழைத்தார்கள். பையன் போனைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டான். அவனுடைய பை, என்னுடைய பை, அக்கா கட்டிக் கொடுத்த சாப்பாட்டுக் கூடை, தண்ணீர்ப் புட்டிகள் எல்லாவற்றையும் நான் தோளிலும் கையிலுமாக மாட்டிக்கொண்டேன். பாசிர் கூடாங்கில் பதினாலு வருடமாகச் சரக்கு ஏற்றி இறக்குகிறவனுக்கு இது ஒன்றும் பாரம் இல்லை. அப்பா போட்டிருந்தால் எல்லாப் புள்ளியையும் பலத்தில்தான் போட்டிருப்பார்.

கரை மறைந்த சற்று நேரத்தில் சிக்னல் போயிற்று. பிஷப் கையைத் தூக்கியபடி நின்றுவிட்டார். பையன் போனைச் சன்னலுக்கு, கூரைக்கு, என் மண்டைக்கு மேலே என்று காட்டிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் வெளியே பார்த்தான். தூரத்தில் தியோமானின் மலை முதுகு தெரியத் தொடங்கியிருந்தது.

"மாமா, இதுதான் நீங்க சொன்ன டிராகனா?"

"அதேதான். எத்தனை லெவல் இருக்கும்?"

கண்ணைச் சுருக்கி, தலையிலிருந்து வால் வரைக்கும் அளந்தான்.

"அது பாஸ் லா, மாமா. ஆட்டோல முடியாது."