உவமையில் நமக்கு என்ன வேஷம்?

பிள்ளைப் பிராயத்தில் நான் சுவிசேஷத்து உவமைகள் எல்லாவற்றிலும் நடித்திருக்கிறேன். ஒன்றில்கூட நல்ல வேஷம் கிடைத்ததில்லை. வேஷம் பிரித்துக் கொடுக்கும் அதிகாரம் எங்கள் ஊர் உபதேசியாரிடம் இருந்தது. கெட்ட குமாரன் கதை வந்தால், கெட்டுப்போய்த் திரும்பி வந்து மோதிரமும் விருந்தும் வாங்கிக்கொண்ட இளையவன் நாங்கள் இல்லை. வயலிலிருந்து வந்து வாசலில் நின்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட மூத்தவன்தான் நாங்கள். நல்ல சமாரியன் வந்தால் அடிபட்டுக் கிடந்தவனும் இல்லை, அவனைத் தூக்கிக்கொண்டு போனவனும் இல்லை. பார்த்தும் பாராமல் ஒதுங்கிப் போன லேவியன். பத்துக் கன்னிகைகளில் எண்ணெய் எடுத்துவராத ஐந்து பேர். விதைக்கிறவன் உவமையில் கற்பாறை நிலம்.

இந்தக் கற்பாறைக்கு மட்டும் ஒரு வருஷம் ஆட்சேபம் வந்தது. எங்களுடையது தேரிக்காட்டு ஓரத்து ஊர். கண்ணுக்கெட்டிய தூரம் செம்மணலும் பனையும்தான். ஆராதனை முடிந்ததும் ஒரு பெரியவர், "கல்லுங்கியளே உபதேசியாரே, நம்மூர்ல ஏது கல்லு? எல்லாம் மணலுல்லா" என்றார். "மணல்மேல வீடு கட்டுனவனுக்கு அடுத்த வாரம் வாரேன்" என்றார் உபதேசியார்.

அது 1960களின் திருநெல்வேலிச் சீமை. சேகரத்துக்கு ஒரு குருவானவர். அவருக்குப் பத்துப் பதினைந்து ஊர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார்தான் எல்லாம். ஓட்டுக்கூரைக் கோயில், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், தரையில் பாய். முன்னால் மட்டும் இரண்டு பெஞ்சுகள். அவற்றில் வாத்தியாரும் கடைக்காரரும் இன்னும் சில கனவான்களும் உட்காருவார்கள். சுவிசேஷம் வாசிக்கும்போது எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். நிற்க வைத்துத் திட்டுவதற்கு இது வசதியாக இருந்தது என்று என் அண்ணன் சொல்வான்.

உபதேசியாருக்கு எங்கள்மேல் விரோதம் ஒன்றும் இல்லை. பாடத்தைத் தேர்ந்தெடுத்தது அவரல்ல. 1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னை ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்துவிட்டது. ஆனாலும் எங்கள் ஊரில் பழைய ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகம் ஓய்வு பெறவில்லை. எந்த ஞாயிறு எந்தச் சுவிசேஷப் பகுதி என்பதை அது எப்போதோ தீர்மானித்து வைத்திருந்தது. திரித்துவத்துக்குப் பின்வரும் முதலாம் ஞாயிறு ஐசுவரியவானும் லாசருவும். பதினோராம் ஞாயிறு பரிசேயனும் ஆயக்காரனும். பதின்மூன்றாம் ஞாயிறு நல்ல சமாரியன். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு தடவை அது வந்து நிற்கும். பிரசங்கி தப்ப முடியாது.

தப்பப் பார்த்தது ஒன்பதாம் ஞாயிறு ஒன்றில்தான். அன்றைக்கு அநீதியுள்ள உக்கிராணக்காரன். எஜமானின் கணக்கைக் குறைத்து எழுதிக் கடன்காரர்களைக் கையில் போட்டுக்கொண்டவனை எஜமானே மெச்சுகிறான். லூக்கா பதினாறாம் அதிகாரத்தில் இதைப் படித்துவிட்டுப் பெரிய பெரிய வேத பண்டிதர்களே தலையைச் சொறிந்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்பு முடித்த உபதேசியார் என்ன செய்வார்? அதுவும் கடைக்காரரின் பற்று நோட்டில் பாதி ஊர் பெயர் இருக்கிற இடத்தில்? அந்த ஞாயிறு குருவானவர் வரும் ஞாயிறாக அமைந்துவிட வேண்டும் என்று அவர் ஆனி மாதத்திலேயே ஜெபிக்கத் தொடங்கிவிடுவதாக ஊரில் பேச்சு. அமையாத ஒரு வருஷம், வாசித்து முடித்துவிட்டு, "இதுக்கு அர்த்தம் ஆண்டவருக்குத் தெரியும். நம்ம பற்று வரவ நாம ஒழுங்கா வச்சுக்கிடுவோம்" என்று இரண்டே வாக்கியத்தில் முடித்தார். நான் கேட்ட பிரசங்கங்களில் நேர்மையானது அது என்று இப்போது தோன்றுகிறது.

அவர் முழு வீச்சில் இறங்குவது திராட்சத்தோட்ட வேலையாட்களுக்கு. லெந்துக்கு முந்தின மூன்றாம் ஞாயிறு அது வரும். பனைத்தொழில் தொடங்கப் போகிற சமயம். எங்கள் ஊரில் யாரும் திராட்சத்தோட்டத்தைக் கண்ணால் கண்டதில்லை. உபதேசியார் தயங்காமல் அதைப் பனங்காடாக மாற்றிவிட்டார். விடியமுன்னே மரம் ஏறிப் பாளை சீவினவன் ஒருவன். ஒன்பது மணிக்கு வந்தவன் ஒருவன், உச்சிக்கு ஒருவன், மூன்று மணிக்கு ஒருவன். பொழுது சாய, ஐந்து மணிக்குக் கையை வீசிக்கொண்டு வந்து ஒரு கலயத்தைத் தூக்கி இறக்கி வைத்தவன் ஒருவன். எல்லோருக்கும் ஒரே கூலி.

கோயிலுக்குள் பேசக் கூடாது என்பதையும் மறந்து ஒரு பனையேறி எழுந்துவிட்டார். நெஞ்சிலும் முழங்கையிலும் மரம் உரசிக் காய்த்துப்போன மனிதர். "இது என்ன நியாயம் உபதேசியாரே? அஞ்சு மணிக்கு வந்தவனுக்கும் அதே கூலின்னா, நாளைக்கு எவன் விடியமுன்ன ஏறுவான்?"

"அதத்தான் அண்ணாச்சி அவனும் கேட்டான். அந்தக் கூட்டத்துல முத ஆளா நீருதான் நிக்கீரு."

"சரி, ஆண்டவர் என்ன சொன்னாரு?"

"உமக்குப் பேசுனது கைக்கு வந்துட்டுல்லா, வாங்கிட்டுப் போம்னாரு."

பெரியவர் உட்கார்ந்துவிட்டார். சமாதானமாகி உட்காரவில்லை, அது முகத்தில் தெரிந்தது. அந்த வாரம் முழுதும் பனங்காட்டில் இதே தர்க்கம். கருப்புக்கட்டி காய்ச்சுகிற விளையில் பெண்கள் வரைக்கும் போயிற்று. ஐந்து மணிக்காரனுக்கும் வீட்டில் பிள்ளைகுட்டி இருக்கும்தானே என்று என் ஆச்சி கேட்டாள். அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆனால் அதிகாரத்தைச் சொன்னால் கதையைச் சொல்வாள்.

இதெல்லாம் பொற்காலம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வேஷம் கொடுப்பதில் உபதேசியாருக்கும் ஒரு தாட்சண்யம் இருந்தது. ஐசுவரியவானும் லாசருவும் வருகிற ஞாயிற்றில் மட்டும் கதை பனங்காட்டுக்கு வராது, யூதேயாவிலேயே தங்கிவிடும். இரத்தாம்பரம் உடுத்தி தினமும் விருந்து சாப்பிட்ட அந்தப் பணக்காரன் வெகு தூரத்துக்காரன், வெகு காலத்துக்கு முந்தினவன். அவனுக்கு எங்கள் ஊரில் ஆள் இல்லை. கோயிலுக்கு ஓடு மாற்றிக் கொடுத்தவர் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

அறுப்பின் பண்டிகை இன்னும் விசேஷம். காலையில் இரண்டு காசு போட்ட ஏழை விதவையைப் பற்றி உருக்கமான பிரசங்கம். மதியம் ஏலம். சேவல், பூசணி, வாழைத்தார், கருப்புக்கட்டிச் சிப்பம் எல்லாம் வரிசையாக வரும். விதவையான என் ஆச்சி துணியில் சுற்றிக் கொண்டுவந்த ஒற்றை முட்டையைக் கடைக்காரர் ஐந்து ரூபாய்க்குக் கேட்டார். அந்தக் காலத்து ஐந்து ரூபாய்! கூட்டம் கை தட்டியது. குழாய் ஸ்பீக்கரில் இரண்டு தடவை பெயர் வாசித்தார்கள், கடைக்காரர் பெயரை. காலையில் கேட்ட பிரசங்கம் யாருக்கும் இடிக்கவில்லை. ஆச்சிக்கே இடிக்கவில்லை. தன் முட்டை அவ்வளவு விலைக்குப் போனதே என்று பூரித்துப் போனாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பனையிலிருந்து விழுந்த புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி பெண்கள் பக்கத்துத் தூணோரம் உட்காருவாள். அவளுக்கும் லேவியன் வேஷம்தான். அடிபட்டுக் கிடந்தவன் அவள்தான் என்று ஒரு ஞாயிறாவது உபதேசியார் சொல்லியிருக்கலாம்.

இப்போது சொல்கிறார்கள். அவளுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் சொல்கிறார்கள்.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று சென்னைப் புறநகரில் இருக்கிறேன். எங்கள் சபையில் ஏசி உண்டு, திரை உண்டு, டிரம்ஸ் உண்டு. காணிக்கைப் பைக்குப் பக்கத்தில் கியூஆர் கோடு உண்டு. வலது கை செய்வது இடது கைக்குத் தெரியாமல் கொடுக்கச் சொல்லும் மத்தேயு ஆறாம் அதிகாரத்தை நிறைவேற்ற நல்ல வழிதான். ஆனால் எதிர்வரிசையின் மேலே ஓடும் மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் ஒரே குடும்பத்தின் பெயர் இருக்கிறது. ஏசி வந்த பிறகும் அதைக் கழற்ற முடியவில்லை. கழற்றினால் பெயரையும் கழற்ற வேண்டும்.

ஞாயிற்றுப் பாடம் இப்போதும் முறைப்படி வாசிக்கப்படுகிறது. பிரசங்கம்தான் வேறு ரூட்டில் போகிறது. வேஷங்கள் அடியோடு மாறிவிட்டன. கெட்ட குமாரன் கதையில் நாம் இளையவன். அதுவும் கெட்டுப்போன பகுதி சுருக்கமாகவும் மோதிரமும் விருந்தும் விரிவாகவும். மூத்தவன் நம் ஆபீஸ் மேனேஜர், அல்லது நம் வளர்ச்சியைப் பொறுக்காத சொந்தக்காரர். நல்ல சமாரியனில் நாம் அடிபட்டுக் கிடப்பவர்கள். கோயில் நிறைய அடிபட்டவர்கள். தூக்கிக்கொண்டு போகத்தான் ஆள் இல்லை.

சகேயுவைப் பற்றிப் போன வருஷம் ஒரு செய்தி கேட்டேன். குள்ளனான அவனை ஆண்டவர் காட்டத்தி மரத்தின் உயரத்துக்கு ஏற்றியதுபோல, குறைவுள்ள நம்மையும் உயர்த்துவாராம். ஏறினது அவனாகத்தானே, ஆண்டவர் இறங்கி வா என்றல்லவா கூப்பிட்டார் என்று எனக்குள் ஒரு பழைய பனங்காட்டுக் குரல் கேட்டது. லூக்கா பத்தொன்பதாம் அதிகாரத்தில் எட்டாம் வசனம் என்று ஒன்று இருக்கிறது. சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியிருந்தால் நாலு மடங்கு திருப்பி என்று சகேயு எழுந்து நின்று சொல்கிற இடம். பிரசங்கம் ஏழாம் வசனத்தோடு ஆமென் ஆகிவிட்டது. வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கிற சபையில் எட்டாம் வசனம் கொஞ்சம் நெருடல்தான்.

காலை ஐந்தரைக்கே ஃபோனில் வசனம் வந்துவிடுகிறது. சூரியோதயம், ரோஜாப்பூ, நடுவில் ஒரு வரி. 1714இல் தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்குவின் அச்சகத்தில் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் தமிழில் அச்சேறின. அடுத்த வருஷம் புதிய ஏற்பாடு முடிந்தது. காகிதம் மிச்சம் பிடிக்க, சின்ன எழுத்துகளை அங்கேயே வார்த்தார்கள். பொறையாறில் காகித ஆலையும் வைத்துப் பார்த்தார்கள். காகிதமே இல்லாதவர்கள் முழு அதிகாரங்களையும் அச்சடித்தார்கள். தட்டுப்பாடு எதுவும் இல்லாத நாம் ஒரு வரியை அனுப்புகிறோம்.

இதை எங்கள் அடுக்ககத்தில் தனியாக இருக்கிற ஓர் அம்மாவிடம் கிண்டலாகச் சொன்னேன். மகன்கள் அமெரிக்காவில். சர்க்கரை வியாதி, பார்வையும் மங்கல். "நீங்க படிச்சவங்க, முழு அதிகாரம் படிப்பீங்க. காலையில எனக்குன்னு வர்றது அந்த ஒரு வரிதான் தம்பி" என்றார். அன்றிலிருந்து நானும் அவருக்கு ரோஜாப்பூ அனுப்புகிறேன்.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை. வரிசையில் போய் ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். வருஷம் முழுதுக்கும் அதுதான் நமக்கான வசனம். பெருகுவாய், உயர்வாய், வெட்கப்படமாட்டாய் என்கிற ரகம். ஓர் அம்மா எடுத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, திரும்பப் போட்டுவிட்டு வேறொன்று எடுத்ததை நான் பார்த்தேன். சீட்டெடுக்கும் வழக்கத்தை நம்மவர்கள் கண்டுபிடிக்கவில்லை. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட்டின் மொராவியர்கள் 1731 முதல் ஒவ்வொரு நாளுக்கும் சீட்டுக் குலுக்கி வசனம் எடுத்துப் புத்தகமாகவே போட்டு வருகிறார்கள். அவர்கள் ஒரு நாளுக்கு எடுத்ததை நாம் ஒரு வருஷத்துக்கு நீட்டிக்கொண்டோம், அவ்வளவுதான்.

நரிக்கும் பறவைக்கும் தங்க இடமுண்டு, தமக்குத் தலை சாய்க்க இடமில்லை என்று ஆண்டவர் சொன்ன லூக்கா ஒன்பதாம் அதிகாரத்து வசனத்தையும் நாலைந்து அட்டைகளில் அச்சடிக்கலாமே என்று கமிட்டியில் கேட்டேன். "அது வாக்குத்தத்தம் இல்லையே அங்கிள்" என்றார் செயலர். பொருளாளர் இன்னும் பச்சையாக, "அத எடுக்கிறவங்க வீட்ல கிரகப்பிரவேசம் இருந்தா என்ன பண்றது?" என்றார். தீர்மானம் கைவிடப்பட்டது.

அதற்குப் பரிகாரமாகவோ என்னவோ, ஆண்கள் ஐக்கிய ஞாயிற்றில் என்னைப் பேசச் சொன்னார்கள். நான் திராட்சத்தோட்டத்தை எடுத்துக்கொண்டேன். உபதேசியாரை மனதில் நிறுத்தி, பனங்காட்டை ஐடி பார்க்காக மாற்றி, ஐந்து மணிக்கு வந்தவனை நேற்று சேர்ந்த பையனாக்கி, முணுமுணுத்த முதல் வரிசையில் நம் எல்லோரையும் ஒருவர் விடாமல் நிறுத்திவிட்டு இறங்கினேன். சபை அமைதியாக இருந்தது. சரி, தைத்துவிட்டது என்று நினைத்தேன்.

வாசலில் ஓர் இளைஞர் என் கையைப் பிடித்து விடவே இல்லை. கண் கலங்கியிருந்தது.

"சூப்பர் மெசேஜ் அங்கிள். எனக்காகவே பேசின மாதிரி இருந்துச்சு. எங்க கம்பெனியில அப்படியேதான். எட்டு வருஷமா நான் இருக்கேன், நேத்து வந்தவனுக்கு என் சம்பளம். அந்தக் காலையில வந்த ஆட்கள் அப்புறம் என்ன செஞ்சாங்க அங்கிள்? வேலைய விட்டுட்டாங்களா?"

"அது எழுதப்படல தம்பி."

"பரவாயில்ல அங்கிள். நீங்க பேசிட்டிருக்கும்போதே நான் பேப்பர் போட்டுட்டேன்" என்று ஃபோனைக் காட்டினார்.