போர்டு பேசாமை: நெல்லை டவுண் வழக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

லேப்டாப்புக்கும் ஆர்டுயினோ போர்டுக்கும் இடையே பேச்சு நின்றுபோவதைப் பற்றி உலகெங்கும் எழுதிக் குவித்திருக்கிறார்கள். ஆனால் திருநெல்வேலி டவுணில் அப்பேச்சு நின்றபின் யார் தலையில் பழி விழுகிறது என்பதை முறைப்படி ஆராய்ந்தார் இலர். அக்குறை தீர்க்கவே இக்கட்டுரை. ஆய்வெல்லை நான்கு ரத வீதிகள். வாகையடி முக்கும் அதில் அடக்கம். ஜங்ஷனும் பாளையங்கோட்டையும் தனி ஆய்வுக்குரியன. அங்கே கல்லூரி மிகுதி, ஆகவே பிழையும் மிகுதி. ஆய்வுக்காலம், பைனல் இயர் புராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தைய இரவு. மற்ற இரவுகளில் போர்டை எவரும் வெளியே எடுப்பதில்லை என்பதால் தரவு கிடைக்கவில்லை.

முதலில் மூலபாடம். திரையில் சிவப்பெழுத்தில் ஏறும் வாசகம் இது: 'எஸ்டிகே500 கெட்சிங்க், அட்டெம்ட் 10 ஆஃப் 10, நாட் இன் சிங்க்'. எஸ்டிகே500 என்பது ஆட்மெல் நிறுவனம் தன் ஏவிஆர் சில்லுகளைப் பழகிப் பார்ப்பதற்கென்று விற்ற பழைய போர்டு. ஆர்டுயினோவோ 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் பிறந்து, அவ்வூர் மதுக்கடை ஒன்றின் பெயரைச் சூடிக்கொண்டது. டவுண் மாணவர் பையில் கிடப்பது அதிலும் டைப்-சி வாய் வைத்த நானோ நகல். அசலும் நகலும் அந்தப் பழைய போர்டின் பேச்சுமுறையிலேயே பேசுவதால், பிழைச் செய்தியும் அதன் பெயரிலேயே வருகிறது. 'எஸ்டிகே500 என்றால் என்னப்பா?' என்று எக்ஸ்டர்னல் கேட்டால், 'அது எரர் சார்' என்பர். இவ்விடையைத் தவறென்று தள்ளிவிட முடியாது.

பத்து முறை கூப்பிட்ட பிறகே கணினி கைவிடுகிறது என்பதையும் கவனிக்க. மாணவர் மூன்றாவது கூப்பீட்டிலேயே வயரைப் பிடுங்கி, வாயில் ஊதி, மறுபடி செருகிவிடுகிறார். ஊதுவதால் பயன் உண்டு என்பாரும் உளர், நிறுவினார் இலர்.

இனி இவ்வாய்வின் கருதுகோள்: டவுணில் பழியானது விலை கூடிய பொருளில் தொடங்கி, விலை குறைந்த பொருளை நோக்கி, மெல்ல, மனமில்லாமல் இறங்குகிறது. 'ஐசி போயிட்டு' என்ற தீர்ப்பு சிவப்பெழுத்து ஏறி முடியுமுன்பே வழங்கப்படும். சென்னை ரிச்சி தெருவிலிருந்து கூரியரில் இரண்டாவது போர்டு வரும். அதே வயரில் மாட்டப்பட்டு அதுவும் வாய் திறக்காது; ஆகவே கம்பெனியே மோசம் என்றொரு கிளைமுடிவு பிறக்கும். அடுத்து லேப்டாப்பின் முறை. விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவார்கள். அக்காவின் கல்யாண போட்டோக்கள் அத்தோடு போவதும் உண்டு. பிறகு புரோகிராம். குழுவில் அதை எழுதியவர் ஒருவரே ஆதலால் அவ்வழக்கு சீக்கிரம் முடியும். வயரின் முறை கடைசியில் வரும். பல வேளை வராமலே போகும்.

ஏன் இந்த வரிசை எனின், மானம் என்க. 'ஐசி எரிஞ்சிட்டு சார்' என்பவர் ஏதோ அரும்பெரும் சோதனையில் இறங்கி அடிபட்டவராகத் தெரிகிறார். 'வயர் சரியில்ல சார்' என்பவருக்கு அந்த மரியாதை கிடையாது. காரணம் எவ்வளவு மலிவோ அவ்வளவு தலைகுனிவு. ரத வீதி செல்போன் சர்வீஸ் கடை ஒன்றில் கிடைத்த களச்சான்று:

'அண்ணாச்சி, போர்டு செத்துட்டு.'

'லைட்டு எரியுதால?'

'எரியுது.'

'பொறவு எங்கல செத்துச்சு? எந்த வயருல மாட்டுன?'

'மாமா போன் சார்ஜர் வயரு.'

அண்ணாச்சி ஒன்றும் சொல்லாமல் அடுத்த வாடிக்கையாளர் பக்கம் திரும்பிவிட்டார். இம்மௌனத்தை ஆய்வாளர் முழுமையான உரையாகவே கொள்கிறார். ஆயினும் சிறு விளக்கம் தேவை. 1996இல் வந்த யூஎஸ்பி விதிப்படி வயருக்குள் நான்கு இழைகள்: கரண்டுக்கு ஐந்து வோல்ட்டும் கிரவுண்டும், டேட்டாவுக்கு இரண்டு. சார்ஜுக்கென்றே விற்கும் மலிவு வயர்களில் பின்னிரண்டும் இருப்பதில்லை. விளக்கு எரியும், பேச்சு இராது. பிற ஊரார் இதை அல்வா கொடுத்தல் என்பர். இவ்வூரில் அவ்வழக்கு தவிர்க்கப்படுகிறது. போர்ட் பட்டியலில் போர்டு தோன்றாததால், புளூடூத்துக்கு உரிய ஏதோ ஒரு காம் போர்ட்டை மாணவர் தேர்ந்தெடுப்பார். யாருமில்லாத அந்த வாசலில் நின்று கணினி பத்து முறை கூப்பிடும்.

2024 ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் நின்றபோது, அறுந்தது வடம் என்று ஊர் முழுக்கத் தெரிந்தது. தேரை மாற்றச் சொன்னவர் எவருமில்லை. வேறு வடம் கட்டி இழுத்தார்கள். அதே வீதியில் வயருக்குப் பதிலாக லேப்டாப்பை மாற்றுகிறார்கள் என்பது ஆய்வாளருக்கு விளங்காத புதிர்.

வயர் ஒன்றே காரணமோ எனின், அன்று. நகல் போர்டுகளில் சிஎச்340 என்ற சீனச் சில்லு இருக்கும். அதற்குரிய டிரைவர் இல்லையேல் கணினி அதை அடையாளம் காணாது. டிரைவர் இருந்தும் கெட்ட வரலாறு உண்டு: 2014 அக்டோபரில் எஃப்டிடிஐ நிறுவனத்தின் புதிய டிரைவர், விண்டோஸ் அப்டேட் வழியே இறங்கி, தன் சில்லின் போலிகளுடைய அடையாள எண்ணைச் சுழியமாக்கி ஊமையாக்கியது. எதிர்ப்பு கிளம்பவே திரும்பப் பெற்றார்கள். 'ஐசி போயிட்டு' என்ற டவுண் தீர்ப்பு ஏறக்குறைய சரியாக இருந்த அரிய தருணம் அது. நானோ நகல்களில் பழைய பூட்லோடர் இருப்பது இன்னொரு காரணம். அது 57600 பாட் வேகத்தில் காத்திருக்க, கணினி 115200இல் பேசும். மெனுவில் 'ஓல்டு பூட்லோடர்' என்பதைத் தொட்டால் தீர்ந்தது. பூஜ்யம், ஒன்று ஆகிய பின்களில் புளூடூத் மாடியூலைச் செருகிவிட்டு அப்லோடு ஆகவில்லை என்று புலம்புவோர் தனிப் பிரிவினர். கணினி பேசுவதும் அதே பின்களின் வழியாகத்தான்.

குற்றவாளியைக் கண்டறிய எளிய சோதனை உண்டு. ரீசெட் பின்னை கிரவுண்டோடு இணைத்துச் சில்லை உறங்க வையுங்கள். பூஜ்யத்தையும் ஒன்றையும் ஒரு ஜம்பரால் சேருங்கள். சீரியல் மானிட்டரைத் திறந்து ஓரெழுத்து தட்டுங்கள். அது அப்படியே திரும்பி வந்தால் வயர், டிரைவர், போர்ட் மூன்றும் நிரபராதிகள். வராவிட்டால் ஐசியை விட்டுவிட்டு வயரைப் பாருங்கள்.

டவுண் மக்களுக்கு ஆய்வாளரின் விண்ணப்பம் ஒன்றுண்டு. வீட்டில் டேட்டா போகும் வயர் ஒன்றாவது இருந்தால் இரு முனையிலும் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். ரிவ்யூ முடியும்வரை அதில் யாரும் போனுக்குச் சார்ஜ் போட வேண்டாம், கேட்பது மாமாவாகவே இருந்தாலும்.