புள்ளைகிட்ட மொய் வசூல் பண்ணாதீங்க

மாப்ளே, என்ற பேத்தி அம்மிணி, பாப்பாளைத் தத்தெடுத்த உங்க ரெண்டு பேத்துக்கும் மொதல்ல ஒரு கும்புடு போட்டுக்கறேன். இந்த ஊர்ல புள்ளை வளக்கறதுக்கு அரசாங்கத்துகிட்டப் பரீட்சை எழுதிப் பாஸான ஆளுக நீங்க ரெண்டே பேருதான். சம்பளச் சீட்டு, டாக்டர் சர்ட்டிபிகேட், கல்யாணப் பதிவு எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்துனீங்க. அப்புறம் ஒரு அம்மா ஊட்டுக்கே வந்து, கக்கூஸ் வரைக்கும் எட்டிப் பாத்து, கோவம் வந்தா என்ன பண்ணுவீங்க, சண்டை போட்டா யாரு மொதல்ல பேசுவீங்கன்னு விசாரிச்சு எழுதிக்கிட்டுப் போனாங்க. என்னை எவன் விசாரிச்சான்? அன்னிக்கு அப்படியொரு அம்மா எங்க ஊட்டுக்கு வந்திருந்தா உங்க மாமனாரு பொறந்தே இருக்க மாட்டாரு. ஊர்ல பாதிச் சனம் இருந்திருக்காது, சந்தைக்குப் போனா ஒரசாம நடக்கலாம்.

அதோட விட்டுதா? 2022 செப்டம்பர்ல இருந்து தத்து உத்தரவைக் கோர்ட்டுக்குப் பதிலாக் கலெக்டரே போடறாராமா. இவருதான் அப்பன், இவதான் அம்மான்னு ஜில்லா கலெக்டரு கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திக் குடுத்த புள்ளை உங்க பாப்பா. நம்ம ஊட்டுல வேற எவனுக்கு அப்படியொரு பத்திரம் இருக்குது? நாமெல்லாம் அவங்கவங்க ஆத்தா சொன்னதை நம்பிக்கிட்டுத் திரியற கூட்டம்.

உங்க அப்பத்தாளுக்குக்கூட ஆசை வந்துருச்சு அம்மிணி. நமக்கும் ஒண்ணு எழுதிப் போடுங்கன்னு நச்சரிச்சா. விசாரிச்சேன். ரெண்டு வயசுக்குள்ள கொழந்தை வேணும்னா புருசன் பொண்டாட்டி வயசைக் கூட்டி 85-ஐத் தாண்டக் கூடாதாமா. எனக்கு மட்டுமே 82. மீதி மூணு வயசுல ஒரு பொண்டாட்டி கெடைச்சா யோசிக்கலாம்னு சொன்னேன். அன்னிக்குக் காப்பியில சக்கரை போடலே.

செரி, சங்கதிக்கு வாரேன். எங்க காலத்துல சுவீகாரம்னா எதுக்கு? சொத்து ஆளோணும், கொள்ளி போடோணும். அதனால பையனைத்தான் எடுப்பாங்க. 1956-ல சட்டம் வந்துதான் பொண்ணையும் தத்து எடுக்கலாம்னு வழி விட்டுது. சட்டம் வந்து என்ன? பொட்டப்புள்ளைக்குக் கள்ளிப்பாலு ஊத்துன சனம் நம்ம சனம். கொல்லாதீங்க, இங்க போட்டுட்டுப் போங்கன்னு 1992-ல சேலத்துல அரசாங்கமே தொட்டில் வெச்சுது. 2001-ல மருதை, தேனி, திண்டுக்கல்லு, தருமபுரின்னு அதை நீட்டுனாங்க. அதே சனம் இன்னிக்கு என்ன பண்ணுது? பொண்ணுதான் வேணும்னு கம்ப்யூட்டர்ல பதிஞ்சு வெச்சுட்டு வருசக்கணக்காக் காத்துக் கெடக்குது. நாட்டுல தத்துப் போறதுல பையனை விடப் பொண்ணுகதான் எச்சு. 2024-25-ல தேசம் முழுக்க 4,515 கொழந்தைகளுக்கு ஊடு கெடைச்சிருக்குது, பன்னெண்டு வருசத்துல அதுதான் எச்சுன்னு பேப்பர்ல போட்டான். காத்திருக்கறவங்க அதைப்போலப் பல மடங்கு.

சனம் திருந்திருச்சுன்னு நெனைச்சுப்போடாதீங்க மாப்ளே. பாதிப் பேரு கணக்கை மாத்திக்கிட்டான், அவ்வளவுதான். அன்னிக்குப் பையன் கொள்ளி போடோணும், இன்னிக்குப் பொண்ணு கடைசிக் காலத்துல கஞ்சி ஊத்தோணும். இன்னிக்கு வெச்சா நாளைக்குத் திரும்பி வரோணும்னு எழுதி வெக்கறதுக்குப் பேரு மொய். மொய் நோட்டுல புள்ளை பேரை எழுதற பழக்கம் நம்மகிட்ட ரொம்பப் பழசு. பெத்தவனும் எழுதறான். எடுத்து வளக்கறவன் இன்னும் கொட்டை எழுத்துல எழுதறான்.

உங்களைப் பாத்து ஒறம்பரையெல்லாம் என்ன சொல்றாங்க? 'புண்ணியம் பண்ணியிருக்கீங்க, அனாதைக்கு வாழ்வு குடுத்தீங்க.' அதைக் கேட்டு மாப்ளே நெளிஞ்சுக்கிட்டுச் சிரிக்கறீங்க, பாத்தேன். சிரிக்காதீங்க. புள்ளை வேணும்னு ஆசைப்பட்டது நீங்க, மூணு வருசத்துக்கு மேல வரிசையில நின்னது நீங்க. அந்தப் பாப்பா எந்த வரிசையிலயும் நிக்கலே. அப்புறம் யாருக்கு யாரு வாழ்வு குடுத்தா? பாப்பா காதுல அந்தப் புண்ணியம் ஒருக்கா விழுந்தாப் போதும், வாழ்நாள் பூராவும் அதுக்கு வட்டி கட்டிக்கிட்டுக் கெடக்கும்.

அம்மிணி, நீ போன வாரம் போன்ல அழுதியே, தலகாணி உறைக்குள்ள சப்பாத்தி, பிஸ்கோத்து, பாதி வாழப்பழம்னு ஒளிச்சு வெக்குது, நான் என்ன கொறை வெச்சேன்னு. நீ கொறை வெக்கலே கண்ணு. எல்லாப் புள்ளைகளும் ஒட்டுக்கா உக்காந்து, மணி அடிச்சாச் சோறு உங்கற எடத்துல வளந்தது அது. அடுத்த வேளை நிச்சயம்னு அதோட வயித்துக்கு எவன் எழுதிக் குடுத்தான்? கலெக்டரு அதுக்குக் கையெழுத்துப் போடலே. நீ தலகாணியைத் தடவாதே, வைய்யாதே. மூடி போட்ட டப்பா ஒண்ணு வாங்கி, அது கைக்கு எட்டற எடத்துல வெச்சு, நெறைச்சு வெய்யி. இது உன்ற டப்பா, யாரும் தொட மாட்டோம்னு சொல்லு. காலியானா மறுக்கா நெறை. ஒளிக்கறது தன்னால கொறையும். எறும்பு வருதேன்னு கவலைப்படாதே. டயட்டுன்னு ரெண்டு பேரும் இலையும் தழையுமாத் தின்னுக்கிட்டிருக்கற ஊட்டுல எறும்பாவது நல்லா உங்கட்டும்.

இன்னொண்ணு. பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தவ மடியில பாப்பா ஏறிக்குது, அவளையும் அம்மாங்குது. மாப்ளைக்கு ஒரே பெருமை, எல்லாத்துகிட்டயும் ஒட்டிக்குதுன்னு. பெருமைப்படாதீங்க. வேலை மொறைக்கு ஆயா மாறிக்கிட்டே இருந்த எடத்துல, எவ வந்தாலும் அம்மாதான். கொஞ்ச நாளைக்குச் சோறு ஊட்டறது, தண்ணி வாக்கறது, தூங்க வெக்கறதெல்லாம் நீங்க ரெண்டு பேரு மட்டும் பண்ணுங்க. ஒறம்பரை வந்தாக் கிட்ட உக்காந்து பேசட்டும், மடிக்கு மடி தூக்கிக் குடுக்காதீங்க. எது நம்ம மடின்னு அது மொதல்ல தெரிஞ்சுக்கட்டும். இதைக் கேட்டா உங்க அப்பத்தா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவா. வெச்சுக்கட்டும், அறுவது வருசமா அந்த மூஞ்சியோடதான் குடித்தனம் பண்ணறேன்.

வந்த புதுசுல சொன்ன பேச்சு கேட்டுது, இப்ப எதுக்கெடுத்தாலும் அடம், கடிக்குது, சாமானை வீசி எறியுதுன்னு சொல்றீங்க. நல்லதாப் போச்சு. வந்த புதுசுல அது ஒறம்பரை. சொன்னபடி உக்காரும், குடுத்ததை உங்கும். இனி இங்கதான்னு கொஞ்சம் தைரியம் வந்தாத்தான் அடம் வரும். நெசமாவே வெச்சுக்குவாங்களான்னு தட்டிப் பாக்குது. அந்த நேரம் பாத்து 'இப்படிப் பண்ணுனாக் கொண்டு போயி விட்டுருவேன்'னு ஒரு வார்த்தை வாயில வந்தா, நாக்கைக் கடிச்சுக்கோங்க. நம்ம ஊர்ல எந்தப் புள்ளைகிட்டத்தான் 'உன்னைத் தவுட்டுக்கு வாங்குனோம்'னு சொல்லலே? உங்கப்பன்கிட்ட நானே சொல்லிச் சிரிச்சவன்தான். இந்த ஊட்டுலயே பொறந்த புள்ளைக்கு அது வெளையாட்டு. பாப்பாளுக்கு அது சேதி. இந்த வளவுல இருக்கற கெழடுகட்டைக அத்தனைக்கும் நான் சொல்லி வெக்கறேன், தவுட்டு யாவாரத்தை இன்னியோட நிறுத்தச் சொல்லி.

ஆறு மாசத்துக்கொருக்கா, ரெண்டு வருசத்துக்கு அந்த விசாரிக்கற அம்மா வருவாங்கன்னு சொன்னீங்களே. வர்ற அன்னிக்கு ஊட்டைக் கழுவி, புள்ளைக்குப் பட்டுப் பாவாடை கட்டி, 'ஒரு தொந்தரவும் இல்லீங்க'ன்னு பல்லைக் காட்டாதீங்க. கடிக்குதுன்னு சொல்லுங்க. ராத்திரி அலறிக்கிட்டு எந்திரிக்குதுன்னு சொல்லுங்க. அந்த அம்மா அதைக் கேக்கறதுக்குத்தான் வர்றது, உங்க ஊட்டு பஜ்ஜிக்கா வருது?

அப்புறம் அந்த ரகசியம். வெவரம் தெரியற வயசாகட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு அம்மிணி நெனைக்கறே. ஏஞ்சாமி, பால்காரனுக்குத் தெரியும், மளிகைக்கடைக்காரனுக்குத் தெரியும், ஓட்டுக் கேட்டு வந்தவனுக்குத் தெரியும். புள்ளைக்கு மட்டும் தெரியாம எதை மூடுவே? ஏதோ ஒரு கல்யாணத்துல, சீரு கொறைஞ்சுதுன்னு கோவத்துல இருக்கற ஒருத்தி பந்தியில வெச்சே போட்டு ஒடைப்பா. அதுக்கு முந்தி உன்ற வாயில இருந்து போகட்டும். ராத்திரி கதை சொல்றப்பவே சொல்லு. உன்னைக் கூட்டியாற நாங்க கார்ல போனோம், உங்கப்பன் வழி தெரியாம ரெண்டு தடவை சுத்துனாருன்னு சிரிக்கச் சிரிக்கச் சொல்லு. 'என்னைப் பெத்தவ ஏன் விட்டுட்டுப் போனா'ன்னு ஒரு நாள் கேக்கும். தெரிஞ்சதைச் சொல்லு, தெரியாததைத் தெரியலேன்னு சொல்லு. அவளை மட்டும் வைய்யாதே. புள்ளையை ஒப்படைச்சவளுக்கு மனசு மாறுனாத் திரும்ப வாங்கிக்கச் சட்டமே ரெண்டு மாசம் குடுக்குது. அந்த ரெண்டு மாசத்தை அவ எப்படித் தாண்டுனாளோ, நமக்கென்ன தெரியும்?

உன்ற சின்னப்பாரு பேரன் இதையெல்லாம் கேட்டுப்போட்டு, 'மூணு வருசம் எவன் காத்திருப்பான், ஆஸ்பத்திரியில தெரிஞ்ச ஆளு இருக்குது, காசு குடுத்தாக் கைமேல புள்ளை'ங்கறான். 2019-ல ராசிபுரத்துல கொழந்தை வித்த சங்கதி வெளிய வந்து நாறுனது மறந்துருச்சாட்ட இருக்குது. புள்ளையை வித்தாலும் வாங்குனாலும் அஞ்சு வருசம் வரைக்கும் உள்ள, அதுக்கு மேல ஒரு லட்சம் அபராதம். அந்த ஒரு லட்சத்துக்கும் அவன் என்கிட்டத்தான் கைமாத்துக் கேப்பான்.

எடுத்து வளக்கற உங்க கஷ்டமாவது ஊருக்குத் தெரியுது. கீழ்வளவுல ஒரு அம்முச்சி, செத்துப் போன மக பையனை ஏழு வயசுல இருந்து வளக்கறா. அவகிட்டக் கலெக்டர் பத்திரமும் கெடையாது, விசாரிக்க ஒரு அம்மாளும் வர்றதில்ல. பள்ளிக்கூடத்துல கையெழுத்துக்கு அப்பன் எங்கேங்கறான். அந்த அப்பன் திருப்பூர்ல வேற குடும்பத்தோட இருக்கறான். தீவாளிக்கு ஒரு நாளு ரிமோட்டு காரோட வர்றான், பையன் தலை மேல தூக்கிக்கிட்டு ஆடறான். வருசம் பூரா ராகிக் களி கிண்டிப் போட்டு, தலைக்கு எண்ணெய் வெச்சு, செல்போனைப் புடுங்கி வெக்கற அம்முச்சி அந்தப் பையனுக்கு வில்லி. அவ என்ன பண்றா? பையன் தப்புப் பண்ணுனா 'அப்படியே உங்கப்பன் புத்தி'ங்கறா, சோத்து வட்டலை வெச்சுக்கிட்டே 'நான் இல்லீனா நீ தெருவுல'ங்கறா. பாத்தியா, மொய் நோட்டு அங்கயும் இருக்குது. ஒரு நா நானே கேட்டுப்போட்டேன், 'உன்ற மகளை வளத்ததுக்கு அவகிட்ட எத்தனை வசூல் பண்ணுனே?'ன்னு. வெளக்குமாத்தை எடுத்தா, வந்துட்டேன். ஆனா மறுநாள்ல இருந்து அப்பனை வையறது கொறைஞ்சிருக்குது. எண்ணெய் வெக்கறது கொறையலே.

அப்பன் ஆத்தா ரெண்டு பேருமே இல்லாத புள்ளைகளுக்கு 2025 செப்டம்பர்ல இருந்து 'அன்புக் கரங்கள்'னு மாசம் ரெண்டாயிரம் குடுக்கறாங்க, பதினெட்டு வயசு வரைக்கும். நல்ல காரியம். வளவுக்குள்ள அப்படியொரு பையன் இருக்கறான், மாமன் ஊட்டுல. பணம் வருதுன்னதும் மாமன் பொண்டாட்டிக்குப் பாசம் எச்சாயிருச்சு. பாசம் எதனால வந்தா என்ன, தட்டுல முட்டை விழுதான்னு பாக்கறேன். விழுகுது.

கடைசியா, வர்ற மாசம் பாப்பாளுக்குக் காது குத்தற விசயம். 'எந்தக் கூட்டத்துப் புள்ளைன்னே தெரியலே, குலதெய்வம் கோயில்ல எப்படிக் குத்தறது'ன்னு ரெண்டு பேரு கூடிக் கூடிப் பேசறாங்க. சாமிக்கு ஆட்சேபனை இருந்தா அதே வந்து சொல்லட்டும். பூசாரிகிட்டக் கேட்டேன், தட்டுக்காசு எச்சா விழும்னு அவன் சந்தோசமா இருக்கறான். உன்ற அண்ணன் மடியிலதான் பாப்பா உக்காரோணும். தாய்மாமன் சீருன்னு செலவாகுமேன்னு அவன் யோசிச்சுக்கிட்டுக் கெடக்கறான். புள்ளைகிட்டத்தான் மொய் வசூலிக்காதேன்னு சொன்னேன், அவன்கிட்டக் கறாரா வசூல் பண்ணு.

அன்னிக்கு ஒறம்பரை பூராவும் வரும். ஒருத்தி பாப்பா தாடையைத் தூக்கிப் பாத்து, 'இது யாரு ஜாடை?'ன்னு குசும்பாக் கேப்பா. அழுகாதே, மொறைக்காதே. 'அப்பாரு ஜாடை'ன்னு சொல்லு. 82 வயசுல அப்படியொரு பேரு வந்தா எனக்குக் கசக்குமா? உங்க அப்பத்தாளை மட்டும் அந்நேரம் அடுப்படியில இருக்கச் சொல்லிரு.